நெட்டியின் குரல்

எங்கள் பள்ளத்தாக்கில், நரிப் பொந்துக்குள் இறங்கும் டெரியர் நாய் ஒன்று நல்ல டெரியரா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. காதால்தான் சொல்ல வேண்டும். நரி பாறைக்குள் புகுந்துவிட்டால் பின்னாலேயே நாயை அனுப்புவோம். அது உள்ளே நரியின் முகத்துக்கு எதிரே, கடிபடாத தூரத்தில் நின்று விடாமல் குரைக்க வேண்டும். நரிக்குப் பொறுமை போய் வெளியே ஓடி வந்தால் வேலை முடிந்தது. வராவிட்டால், மேலே ஆண்கள் குப்புறப் படுத்துப் பாறையில் காதை வைத்து, குரல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, அந்த இடத்தில் கல்லைப் பெயர்ப்பார்கள். குரலே இல்லையென்றால் எங்கே பெயர்ப்பது? மலை முழுவதையுமா?

என் தம்பி வில்ஃபுக்கு இது தெரியாததல்ல. இந்த மலையில் அவனைவிட நன்றாக இதைத் தெரிந்தவன் கிடையாது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

நாங்கள் இருவர்தான் வீட்டில். அவனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. மலைமேல் ஆடுகள், கொட்டகையில் ஒரு பசு, ஆடு மேய்க்கும் நாய் மாஸ், அப்புறம் நெட்டி. நெட்டி என்றால் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பழைய கம்பளித் துண்டு மாதிரி ஒரு நிறம். ஒடுங்கிய மார்பு. ஒரு காது நிற்கும், ஒரு காது தொங்கும். கண்காட்சிக்குக் கொண்டுபோனால் நடுவர் அவளைப் பார்த்துவிட்டு எங்களுக்காகப் பரிதாபப்படுவார். ஆனால் தரைக்கு அடியில் அவள் தொண்டையைத் திறந்தால் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் வேலை செய்பவன்கூட நிமிர்ந்து, "நெட்டி நரியைப் பிடிச்சு வெச்சிருக்கா" என்பான். வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போவாள். முகத்தில் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்து என் காலடியில் படுப்பாள். பேர்தான் வில்ஃபின் நாய்.

அவளுடைய முந்தைய குட்டிகள் எல்லாம் ஒரு வருடம் வந்த காய்ச்சலில் போய்விட்டன. அவளோடு அந்த வம்சம் முடியப் போகிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளைத் தகுந்த நாயோடு சேர்த்துவிடு, சேர்த்துவிடு என்று நானும் அரித்துக்கொண்டே இருந்தேன். தகுந்த நாயாம்!

நவம்பரில் ஆடு மேய்ப்பவர்கள் கூடும் நாள் வரும். வழி தவறி வந்த ஆடுகளை அவரவரிடம் திருப்பிக் கொடுப்போம். காலையில் வேட்டை, மதியம் ஊர் மதுக்கடையான பப்பில் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட சாப்பாடு, பிறகு பாட்டு. அந்த வருடம் காலை வேட்டையில் நரி ஒரு பழைய கல்லுடைப்புக் குழிக்குள் போய்விட்டது. நெட்டி மதியம் வரை குரைத்தாள். நரி அசையவில்லை, பாறையும் பெயரவில்லை. கடைசியில் வில்ஃப் அவளைக் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிட்டான். நரி பிழைத்தது. இதில் அவமானம் ஒன்றுமில்லை. பாறை ஜெயிக்கும் நாட்களும் உண்டு.

பப்பில் ரூக் என்று ஒருவன் இருந்தான். கடற்கரைச் சுரங்க ஊர்க்காரன். அவன் காலடியில், சண்டைக்கென்றே வளர்க்கும் புல் டெரியர் ரத்தம் கலந்த ஒரு நாய், தலை மட்டும் வாளி அளவு.

"ஏன் வில்ஃப், உன் நாய் சண்டை போடப் போச்சா, சர்ச்சுல பாடப் போச்சா?" என்றான் ரூக்.

எல்லோரும் சிரித்தார்கள்.

"அரை நாள் பாட்டு. நரி கேட்டுட்டுத் தூங்கியே போயிருக்கும். என் பய உள்ள போனா பேச்சே கிடையாது. போவான், முடிப்பான், வருவான்."

"குரைக்கிற நாய் கடிக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று இன்னொருவன் ஒத்து ஊதினான்.

நான் கறித்தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். "ஏன்டா, கடிக்கிறதுக்குத்தான் வேட்டை நாய்க் கூட்டமே இருக்கே. டெரியர், நரி எங்க இருக்குன்னு சொல்றதுக்குத்தானே?" என்றேன். பொம்பளை பேசினால் யார் கேட்கிறார்கள்? கோபம் வந்தால் என் தம்பிக்குப் பேச்சு வராது, காதுதான் சிவக்கும். அன்று இரண்டு காதும் சிவந்திருந்தன.

புது வருடம் பிறந்து நெட்டிக்குப் பருவம் வந்தது. வேலிக்குக் கம்பி வாங்கப் போகிறேன் என்று வில்ஃப் அவளையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது கம்பி இல்லை.

"கம்பி எங்கடா?"

"கடை மூடியிருந்துச்சு."

"நாயை எதுக்குக் கூட்டிட்டுப் போன?"

"சும்மா. காத்தாட."

ஏப்ரலில் நெட்டி மூன்று குட்டி போட்டபோதுதான் அந்தக் காற்று எந்த ஊர்க் காற்று என்று எனக்குப் புரிந்தது. ஒன்று செத்தே பிறந்தது. ஒன்றை வழக்கப்படி ரூக் எடுத்துக்கொண்டான், ஆண் நாய்க்காரனுக்கு ஒரு குட்டி கொடுப்பது முறை. மிச்சம் ஒன்று. கறுப்பு உடம்பு, வெள்ளை மார்பு, அகலத் தலை. வில்ஃப் அதற்கு டர்க் என்று பெயர் வைத்தான்.

நான் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. சாப்பாட்டை மேசையில் வைப்பேன், போய்விடுவேன். கடைசியில் அவனே வந்து கதவுப் பக்கம் நின்றான்.

"கொஞ்சம் பலம் சேர்க்கலாம்னுதான் பண்ணேன், ஆக்னஸ். அவ மூளை, அவன் தாடை. ரெண்டும் சேர்ந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாரு."

"அவன் மூளையும் அவ தாடையும் வந்தா?"

அவன் சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன். குட்டி என்றால் குட்டிதான், மடியில் வந்து படுத்தால் தள்ளிவிட முடியுமா?

டர்க் வளர்ந்தான். பார்க்க அழகு, மறுக்க மாட்டேன். மனிதர்கள் மேல் கொள்ளைப் பிரியம், தபால்காரர் முகத்தை நக்காமல் விட மாட்டான். ஆனால் சத்தமே இல்லை. கதவு தட்டினால் குரைக்க மாட்டான். குட்டியாக இருக்கும்போதே, ரப்பர் பொம்மையைக் கவ்வினால்கூட விட மாட்டான். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டு விஷயத்தில் மாஸ் லேசாக உறுமினான். டர்க் உறுமாமல், எச்சரிக்காமல், நேரே போய் அவன் காதைப் பிடித்தான். வாளித் தண்ணீர் ஊற்றியும் விடவில்லை. வில்ஃப் வாயில் கட்டையைச் செருகித்தான் பிரித்தான். மாஸுக்குப் பாதிக் காது போயிற்று. அன்றிலிருந்து டர்க்குக்குத் தனிக் கொட்டகை.

முதல் குளிர்காலத்தில் அவன் இரண்டு நரிகளை உள்ளேயே கொன்றான். இரண்டும் ஆழமில்லாத மண் பொந்து, கையை விட்டாலே வால் கிடைக்கும். ஊரே கொண்டாடியது. வில்ஃப் நிமிர்ந்து நடந்தான், வருடக்கணக்கில் நான் பார்க்காத நடை. வீட்டுக்கு வந்தால் உப்புத் தண்ணீரும் பஞ்சுமாக உட்காருவது நான்தான். மூக்கு கிழிந்திருக்கும், உதடு தொங்கும், ஒரு கண் மூடியிருக்கும். பின்வாங்கத் தெரியாது அவனுக்கு. ஒருநாள் வேலை, ஒரு மாதம் மருத்துவம். அந்த ஒரு மாதமும் கிழவி நெட்டிதான் நொண்டிக்கொண்டே மலை ஏறினாள்.

வேட்டைக் கூட்டத்தை நடத்தும் மவுன்ஸி அடுப்படியில் உட்கார்ந்து டர்க்கின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல தைரியசாலி. கொல்றான், ஒத்துக்கறேன். எங்க வெச்சுக் கொல்றான்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"இதுவரைக்கும் வந்துட்டானே" என்றான் வில்ஃப்.

"இதுவரைக்கும் மண்ணுக்குள்ளதானே போயிருக்கான். பாறைக்குள்ள விடாத."

வில்ஃபின் காது சிவந்தது.

அடுத்த ஏப்ரல், ஆடுகள் குட்டி போடும் நேரம். ஒரு பெட்டை நரி எங்கள் மேல் வயலில் குட்டிகளை எடுக்க ஆரம்பித்தது. காலையில் போனால் தாய் ஆடு மடி கனத்துக் கத்திக்கொண்டு நிற்கும், பக்கத்தில் ஒரு சின்னக் கால் கிடக்கும். மவுன்ஸிக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் நாய்களோடு வந்தார். நரி ஓடி, கழுகுப் பாறைக்குக் கீழே உள்ள கற்சரிவில் புகுந்தது. வீட்டளவு கற்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கும் இடம் அது. எங்கள் சர்ச்சும் அதன் கல்லறைத் தோட்டமும் சேர்ந்தால் எவ்வளவோ அவ்வளவு பெரிது. அடியில் எத்தனை சந்து என்று படைத்தவனுக்கே கணக்குத் தெரியாது.

நெட்டிக்கு அன்று முன்கால் வீங்கியிருந்தது. நான் அவளை வீட்டில் வைத்திருந்தேன். வில்ஃப் டர்க்கின் கழுத்துவாரை அவிழ்த்தான். மவுன்ஸி ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டாராம். எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. டெரியரை உள்ளே விடுவதா வேண்டாமா என்பது சொந்தக்காரன் வாக்கு. அவன் கை வாரில் இருக்கும்போது மற்றவன் பேசக்கூடாது. ரொம்ப மரியாதையான முறை. அந்த மரியாதை நாசமாய்ப் போக.

டர்க் உள்ளே போனான். அவ்வளவுதான். ஏழெட்டு ஆண்கள் பாறைகளின் மேல் ஆளுக்கொரு பக்கம் காதை வைத்துப் படுத்தார்கள். மழை பிடித்தது. கல்லுக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வேறெதுவும் கேட்கவில்லை.

டெரியர் உள்ளே இருக்கும்போது யாரும் வீட்டுக்குப் போவதில்லை, இதுவும் எங்கள் முறைதான். செய்தி பரவிப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள், குட்டி போடும் ஆடுகளை மனைவிமார்களிடம் விட்டுவிட்டு, கடப்பாரையும் சங்கிலியுமாக ஏறி வந்தார்கள். ஆனால் எங்கே தோண்டுவது? இங்கே ஒரு கல்லைப் புரட்டினார்கள், அங்கே ஒரு கல்லைப் புரட்டினார்கள். குத்துமதிப்பாக மலையைத் தோண்ட முடியுமா? பொழுது சாய்ந்தது, விடிந்தது, டர்க் வரவில்லை.

காலையில் நான் ஒரு கேனில் டீயும் பன்றிக்கறி வைத்த ரொட்டியும் கொண்டு ஏறினேன். நெட்டி வீட்டில் இருக்க மாட்டேன் என்று ஊளையிட்டதால் கயிற்றில் கட்டி அவளையும் கூட்டிப் போனேன். அதை இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன், நினைத்து என்ன ஆகப்போகிறது? வில்ஃப் முழங்கால் போட்டுக் கையாலேயே சின்னக் கற்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். விரல் நகங்கள் போயிருந்தன. டீயைக்கூட அவன் பார்க்கவில்லை. நெட்டியைப் பார்த்தான்.

"அவளைக் குடு."

எனக்கு அவன் நினைத்தது உடனே புரிந்தது. உள்ளே போனால் அவள் மகனைக் கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்தால் குரைப்பாள். குரைத்தால் இடம் தெரியும்.

"ஒரு பொந்துக்கு ஒரு நாய். சின்ன வயசுலேர்ந்து நீயே அதைத்தானே சொல்லிட்டு இருக்க" என்றேன்.

"நரி எப்பவோ செத்திருக்கும். இவன் எங்கயோ மாட்டிக்கிட்டு இருக்கான். மூச்சு இருக்கோ இல்லையோ. அவ குரலைக் கேட்டாப் போதும், ஆக்னஸ், உடனே கூப்பிட்டுக்கலாம்."

"அவளுக்குக் காலு வீங்கியிருக்கு."

"அவ அவனோட அம்மா. அவனை ஒண்ணும் பண்ண மாட்டா."

"அவ பண்ண மாட்டாடா. அவன்?"

அவன் என் கையிலிருந்து கயிற்றை வாங்கினான். பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் வாங்கினான். நான் மவுன்ஸியைப் பார்த்தேன். சுற்றி நின்ற அத்தனை ஆண்களையும் பார்த்தேன். ஒருவன் தொப்பியைச் சரிசெய்தான், ஒருவன் மழையைப் பார்த்தான். வில்ஃபின் கை வாரில் இருந்ததே!

"யாராவது வாயைத் திறங்களேன்யா!" என்று கத்தினேன்.

"அது அவன் நாய், தாயி" என்றார் மவுன்ஸி, என்னைப் பார்க்காமலே.

நெட்டிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்று காலில் பாறைக்குள் இறங்கினாள். வால் நுனி மறைந்தது. நாங்கள் எல்லோரும் குப்புறப் படுத்தோம், நானும்தான். ஈரக்கல் கன்னத்தில் பட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வெகு தூரத்தில், மேல்புறமாக, யாரும் ஒரு கல்கூடப் புரட்டாத இடத்தில், அவள் குரல் கேட்டது.

அந்தக் குரலைக் கேட்டுப் பெரிய ஆண்பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். "நெட்டிடா! அதான் நெட்டி!" என்று கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நிறுத்தி நிறுத்தி, தெளிவாக, இங்கே, இங்கே என்று சொல்வதுபோலக் குரைத்தாள். வில்ஃப் பொந்து வாயில் படுத்து, "வா நெட்டி! போதும்டி, வா!" என்று கூப்பிட்டான். அவள் வரவில்லை. அவளுக்குத் தெரிந்த வேலை அது, கல் பெயரும் வரை நகரக்கூடாது. நாங்கள் பழக்கியதுதானே?

முதல் பெரிய கல் அசைந்தபோது குரைப்பு மாறியது. ஒரு வீறல். அப்புறம் இன்னொன்று, சின்னதாக. நான் இரண்டு கையாலும் பாறையை அறைந்தேன். "விடுடா! விடுடா அவளை!" என்று அலறினேன், டர்க்குக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. பிறகு கல்லுக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்தான்.

ஆனால் இடம் தெரிந்துவிட்டது. கணக்குப்படி வில்ஃப் சொன்னது சரி. மதியத்துக்குள் திறந்துவிட்டார்கள். நரி செத்து விறைத்து முதல் சந்தில் கிடந்தது. அதற்குப் பின்னால் ஒரு குறுகலில், திரும்பி வரும் வழியில், டர்க்கின் அகல மார்பு சிக்கியிருந்தது. நெட்டி போயிருந்தால் திரும்பி வந்திருக்கக்கூடிய சந்துதான் அது. முகமே இல்லை அவனுக்கு, இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. இருட்டில், வலியில், முன்னால் வந்தது யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. மாஸைப் பிடித்ததுபோல, ரப்பர் பொம்மையைப் பிடித்ததுபோல, அவளைப் பிடித்திருந்தான். இன்னும் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"டர்க்" என்றான் வில்ஃப்.

குரலைக் கேட்டதும் டர்க் வாலை ஆட்டினான். வாயை மட்டும் திறக்கவில்லை.

கட்டையைச் செருகி அவளை எடுத்து என் மடியில் வைத்தார்கள். இன்னும் சூடு இருந்தது. தொங்கும் காதைத் தூக்கி, நிற்கும் காதோடு சரியாக வைத்தேன், ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. மவுன்ஸி துப்பாக்கியை வில்ஃபிடம் நீட்டினார். வில்ஃப் வாங்கவில்லை. டர்க்கைக் கோட்டுக்குள் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"முடியாது. அவ ரத்தம்னு இந்த உலகத்துல இவன் ஒருத்தன்தான் மிச்சம்" என்றான்.

அதுவும் உண்மைதான். ரூக்கின் கையிலிருந்த குட்டி முதல் குளிர்காலத்திலேயே ஏதோ ஒரு பொந்தில் போனது, திரும்பவில்லை. அதுவும் சத்தமில்லாத குட்டி.

செய்தி பரவியது. நெட்டி செத்த செய்தி என்று நினைக்காதீர்கள். பாறைக்குள் ஒரு பகல், ஒரு இரவு நரியோடு மல்லுக்கட்டிக் கொன்று, கண் தெரியாமல் போன பிறகும் பிடியை விடாத நாய் ஒன்று இருக்கிறது என்ற செய்தி. நவம்பர் கூட்டத்தில் மூன்று பேர் வில்ஃபுக்குப் பியர் வாங்கிக் கொடுத்தார்கள். தழும்பு முகத்தோடு டர்க்குக்குக் கண்காட்சியில் முதல் பரிசு. ரூக் வந்து தோளில் தட்டி, "நான் சொன்னேன்ல?" என்றான். வில்ஃப் பரிசுக் கோப்பையை வாங்கிக்கொண்டு வந்து கொட்டகையில் தீவனப் பெட்டிக்குப் பின்னால் போட்டான். அவன் காது சிவக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மவுன்ஸியின் சின்னப் பெட்டை நாயை அவன் கெஞ்சி வாங்கி வந்தான். கணீரென்று குரைக்கும் நாய், ஒடுங்கிய மார்பு. "நெட்டிக்காகத் தர்றேன்" என்றார் அவர். டர்க்கோடு சேர்த்தான். குளிர்காலத்தின் கடைசியில் ஐந்து குட்டிகள். ஒன்றின் நிறம் பழைய கம்பளித் துண்டு. ஒரு காது நிற்கும், ஒரு காது தொங்கும். அதைப் பார்த்ததும் நான் எழுந்து சமையலறைக்குப் போய் அழுதேன். வில்ஃப் பின்னாலேயே வந்தான்.

"வந்துட்டா, ஆக்னஸ்" என்றான்.

காய்ச்சலில் போன நெட்டியின் பழைய குட்டிகள் ஆறேழு வார வயதில் துடைப்பத்தைப் பார்த்துக் குரைக்கும், தன் நிழலைப் பார்த்துக் குரைக்கும். காய்ந்த நரிவால் ஒன்றைக் கயிற்றில் கட்டி முன்னால் இழுத்தால் எட்டி நின்று கத்தித் தீர்க்கும். இவற்றுக்கும் அந்த வயது வந்ததும் வில்ஃப் அந்த வாலை எடுத்து வந்து வைக்கோலில் இழுத்தான். ஐந்தும் பாய்ந்து கவ்வின. கயிற்றைத் தூக்கினான். ஐந்தும் தரையை விட்டு எழும்பித் தொங்கின, தொங்கும் காதுக்காரியும் சேர்ந்து. ஆளுக்கொரு குட்டிக்குச் சொல்லி வைக்க வந்திருந்த இரண்டு பண்ணைக்காரர்கள், "அடேயப்பா, என்ன பிடி!" என்று கைதட்டினார்கள்.

அவர்கள் போன பிறகும் வில்ஃப் உள்ளே வரவில்லை. சூப் ஆறுகிறது என்று சொல்லக் கொட்டகைக்குப் போனேன். அவன் வைக்கோலில் குப்புறப் படுத்து, குட்டிகள் இருந்த பெட்டியின் பலகையில் காதை வைத்திருந்தான். உள்ளே ஒன்றையொன்று கடித்துப் புரளும் அசைவு மட்டும் இருந்தது.

"சாப்பிட வாடா" என்றேன்.

அவன் தலையைத் தூக்காமல் கையை மட்டும் உயர்த்தினான்.

"சத்தம் போடாத. கேக்கணும்."

நான் கதவருகிலேயே நின்றேன். நானும் கேட்டேன்.